இரண்டு சாவடிகள்

சென்னப்பட்டணத்துச் சரித்திரம்: அத்தியாயம் 27

ஜார்ஜ் டவுனில், ராசப்ப செட்டித் தெருவிலே, கந்தகோட்டம் என்று வழங்கும் கந்தசாமி கோயில் இருக்கிறது. இராமலிங்க அடிகள் தம் இளம் பிராயத்தில் வந்து நின்று தெய்வமணிமாலை பாடிய சந்நிதி அது. அக்கோயில் உண்டான விதத்தைப் பற்றிப் பட்டணத்து ஜனங்கள் பரம்பரையாகச் சொல்லிவரும் ஐதிகம் ஒன்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டிலே இப்பட்டணத்து அன்பர் இருவர் கிருத்திகைதோறும் தெற்கே திருப்போரூருக்கு நடந்தே சென்று முருகனைத் தரிசித்துத் திரும்புவது வழக்கமென்றும், அவ்வாறு சென்ற ஒரு சமயத்தில் புற்றிலே மறைந்திருந்த விக்கிரகம் ஒன்றைக் கண்டெடுத்துக் கொண்டுவந்து பட்டணத்திலேயே பிரதிஷ்டை செய்தார்களென்றும் சொல்வார்கள். சரித்திரம் எழுதுகிறவன் ஐதிகத்துக்குச் சாசனப் பிரமாணம் கேட்க வேண்டியவன்தான். ஆயினும், ஏறக்குறைய முப்பது மைல் தூரத்தை மாதந்தோறும் காலால் அளந்த இரண்டு மனிதர்களின் நினைவை ஒரு நகரம் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகக் காப்பாற்றி வைத்திருக்கிறதென்றால், அந்தத் தெற்குத் திசை அந்நகரத்துக்கு அந்நியமாக இருந்ததில்லை என்பதற்கு அதுவே போதுமான சாட்சி என்று கொள்ளலாம்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தத் தெற்குத் திசைக்குத்தான் இப்போது ஓ.எம்.ஆர். என்று பெயர். பழைய மகாபலிபுரம் சாலை என்ற முழுப் பெயரைச் சொல்லுகிறவர்களும் அருகிவிட்டார்கள். ராஜீவ் காந்தி சாலை என்ற அரசாங்கப் பெயர் பலகைகளில் இருக்கிறது. வெட்டவெளியாகக் கிடந்த பிரதேசத்தில் கணினித் தொழில் ஒரே இரவில் ஒரு நகரத்தை எழுப்பிவிட்டதென்றும், அதன் பயனாகப் பாரிமுனையைச் சுற்றிய பழைய பட்டணம் தானே தளர்ந்து போயிற்றென்றும் இப்போது பலரும் பேசவும் எழுதவும் கேட்கிறேன். இவ்விரண்டு கூற்றுகளில் ஒன்றையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தெற்கு ஒருபோதும் வெறும் வெளியாக இருக்கவில்லை. வடக்கு தானாகத் தளரவும் இல்லை. பட்டணத்தில் ஒரு சாவடி உண்டு, கொத்தவால் சாவடி. தெற்குச் சாலையில் ஒரு சாவடி உண்டு, கந்தன்சாவடி. முன்னதன் வியாபாரம் போன கதையையும், பின்னதன்மேல் கண்ணாடி மாளிகைகள் எழுந்த கதையையும் சேர்த்துப் படித்தால்தான் நம் காலத்துச் சென்னையின் சரித்திரம் விளங்கும் என்று நினைக்கிறேன்.

1746-ல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்ததையும், அதன்பின் கோட்டைச் சுவரை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் பட்டணம் இடித்து நிரவப்பட்டு, ஜனங்கள் முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் பெயர்ந்ததையும் முன் அத்தியாயங்களில் விரிவாகக் கண்டோம். அவ்விரு பேட்டைகளுக்கும் நடுவே கிடந்த பள்ளத்தைத் தூர்த்துப் போப்பம் என்ற வழக்கறிஞர் அமைத்த வீதியே பிராட்வே; இன்று பிரகாசம் சாலை. இந்த இடப்பெயர்ச்சியால் உண்டான ஊருக்கு ஓர் இலட்சணம் உண்டு. அதை இங்கே மறுபடியும் சொல்லாமல் மேலே போக முடியாது. அங்கே ஒவ்வொரு தெருவும் ஒரு தொழில். காகிதமும் கல்யாணப் பத்திரிகையும் வேண்டுமென்றால் ஆண்டர்சன் தெரு. மொத்த ஜவுளிக்குக் கோடவுன் தெரு. பூவுக்குப் பத்ரியன் தெரு. பவழக்காரத் தெருவில் பவழ வியாபாரம் போய் எத்தனையோ தலைமுறை ஆகியும் பெயர் போகவில்லை. கீழே கடை, பின்னால் கிடங்கு, மேலே குடும்பம் என்ற அமைப்பிலே வாழ்ந்த வர்த்தகர், துறைமுகத்துக்கும் சுங்கச்சாவடிக்கும், 1884-ல் கட்டி முடித்த பெரிய தபாலாபீசுக்கும், 1892-ல் திறந்த ஹைகோர்ட்டுக்கும், வங்கிகளுக்கும் செருப்புத் தேயாமல் நடந்து போய்வரக் கூடிய தூரத்திலேயே தம் காலத்தைக் கழித்தார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. ஆகையால் வாய்ச்சொல்லுக்குக் கடன் கிடைத்தது. 1906-ல் அர்பத்நாட் கம்பெனி முறிந்து, எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பு ஒரே நாளில் மண்ணான பிறகும், வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் அடுத்த ஆண்டே இந்தியன் வங்கியை நிறுவி ஜனங்களின் நம்பிக்கையைத் திரும்பப் பெற முடிந்ததென்றால், அதற்கு வழி செய்தது அந்தத் தெருக்களின் பரஸ்பரப் பழக்கமே என்பது என் துணிபு.

இந்தப் பட்டணத்துக்கு முதற்போட்டி ஓ.எம்.ஆர். அல்ல, மௌண்ட் ரோடு. 1844-ல் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும், 1860-களில் ஸ்பென்ஸரும் அங்கே தொடங்கின. 1959-ல் பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடம் எழுந்து, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதற்கென்றே ஒரு காட்சி உண்டாயிற்று. ஆனால் மௌண்ட் ரோடு பாரிமுனையிலிருந்து எடுத்துக்கொண்டது கௌரவத்தைத்தானே தவிர, வியாபாரத்தை அல்ல. தலைமை ஆபீஸ் அங்கே போயிற்று. சரக்கு இங்கேயே இருந்தது.

சரக்கு போனதுதான் பெரிய மாறுதல். அது அரசாங்கத் தீர்மானத்தினால் போயிற்று. 1970-களில் வகுக்கப்பட்ட பெருநகர முதல் திட்டத்திலே, ஜார்ஜ் டவுனின் நெரிசலைக் குறைக்க வேண்டுமானால் மொத்த வியாபாரத்தை நகரத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்ற கொள்கை வேரூன்றியது. அந்தக் கொள்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கன்னிகா பரமேசுவரி தேவஸ்தானத்துக்குச் சொந்தமான கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தையை விடியற்காலையில் பார்த்தவர்களுக்கு அது தெரியும்: லாரி ஒன்று உள்ளே நுழைந்தால் மற்றொன்று வெளியே வர இடமில்லை, மூட்டை தூக்குகிறவர்கள் முழங்கால் சேற்றில் ஓடினார்கள், அழுகிய தழையின் வாடை கோவிந்தப்ப நாயக்கன் தெரு வரையிலும் வீசியது. 1996-ல் அந்தச் சந்தை கோயம்பேட்டுக்குப் போயிற்று. இரும்பு வியாபாரத்துக்குச் சாத்தாங்காட்டில் இடம் ஏற்பட்டது. 2002-ல் பிராட்வேயிலிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்த வெளியூர்ப் பஸ்களும் கோயம்பேட்டுக்கே சென்றன. ஊரிலிருந்து வந்து இறங்குகிறவனுடைய முதற்காட்சியாகப் பாரிமுனை இருந்த காலம் அத்தோடு முடிந்தது.

சந்தையை மாற்றினார்கள், அது தவறென்று நான் சொல்லவில்லை. மாற்றிய இடத்திலே என்ன வர வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம். போனது காய்கறி மட்டுமல்ல. கமிஷன் மண்டிக் கணக்குப்பிள்ளை போனார். மண்டிக்கு வருகிறவர்கள் சாப்பிட்ட கிளப்புக் கடை போயிற்று. கடைக்குமேல் குடியிருந்த குடும்பம் தெற்கே ஒரு பிளாட் வாங்கிக்கொண்டு போயிற்று. அந்த வீட்டின் மாடியும் கிடங்காயிற்று. இரவு ஒன்பது மணிக்கு மேலும் சந்தடி ஓயாதிருந்த தெருக்களில் இப்போது கடைக்கதவு சாத்தியதும் இருள் கவிகிறது. ஹைகோர்ட்டை ஒட்டிய சட்டக் கல்லூரியும் 2018-ல் பெயர்ந்தது. அதன் ஒரு கிளை போய்ச் சேர்ந்த புதுப்பாக்கம், பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள கேளம்பாக்கத்துக்கு அருகில் இருக்கிறது. 1920-ல் தோன்றி, இடையில் நின்று, 1937-ல் புத்துயிர் பெற்ற சென்னைப் பங்குச் சந்தையின் விதியோ இன்னும் விசித்திரமானது. 1994-ல் பம்பாயில் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரையின் வழியே வியாபாரம் தொடங்கியதும், கைச்சைகையாலும் உரத்த குரலாலும் விலை பேசிய இடங்களுக்கெல்லாம் அவசியம் இல்லாமல் போயிற்று. 2015-ல் அந்த ஸ்தாபனம் மூடப்பட்டது. அதைக் கொண்டுபோனது ஓ.எம்.ஆர். அல்ல. ஓ.எம்.ஆரை உண்டாக்கிய அதே யந்திரந்தான்.

இனித் தெற்கே போவோம். அடையாற்றுக்கு அப்பால் கடற்கரைக்கு இணையாக ஓடும் பக்கிங்காம் கால்வாயே அந்தப் பிரதேசத்தின் முதல் ராஜபாட்டை. 1806-ல் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரையில் காக்ரேன் பெயரால் வெட்டப்பட்ட சிறு வாய்க்கால், வடக்கிலும் தெற்கிலுமாக நீண்டு, 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது கஞ்சிக்கு உழைத்த ஜனங்களின் கைகளால் நகரத்துக்குள்ளே கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து, அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. கோவளம், கேளம்பாக்கம் அளங்களில் விளைந்த உப்பும், கரையோரத் தோப்புகளின் சவுக்கு விறகும் படகுகளிலே பட்டணத்துக்கு வந்தன. பட்டணத்து அடுப்பு எரிந்ததும், பட்டணத்துச் சோற்றில் உப்புச் சேர்ந்ததும் இந்தக் கிராமங்களால்தான் என்று சொன்னால் மிகையாகாது. பெருங்குடி, ஒக்கியம் துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர் என்று வரிசையாக இருந்த ஊர்களுக்குக் கிழக்கே கால்வாய், மேற்கே ஏரியும் சதுப்பும். நடுவிலே ஒரு மணல் மேட்டின்மேல் ஒரு பஸ் போகும் அளவு சாலை.

அந்தச் சாலையின் வாயிலில் வித்தை முதலில் வந்தது, வியாபாரம் பிறகுதான். 1959-ல் ஐ.ஐ.டி. நிறுவப்பட்டது, 1973-ல் அங்கே ஐ.பி.எம். 370 என்னும் பெரிய கணினி வந்து சேர்ந்தது. குளிரூட்டிய கூடத்தில் வைத்த அந்த யந்திரத்துக்காகத் துளையிட்ட அட்டைகளைக் கட்டுக்கட்டாகச் சுமந்துகொண்டு காத்திருந்த மாணவர்களில் பலர் பிற்பாடு கடல் கடந்து சென்றார்கள். பக்கத்துத் தரமணியிலே தொழில்நுட்பப் பயிற்சிக் கூடங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் அரசாங்க நிலத்தில் அடுத்தடுத்து எழுந்தன. ஆகவே, 1997-ல் தமிழக அரசு தகவல் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு கொள்கையை வகுத்தபோது, இடம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. டிட்கோ, எல்காட் என்ற இரண்டு அரசு ஸ்தாபனங்களின் பெயர்களைச் சேர்த்து டைடல் என்று பெயரிட்டு, சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் சதுர அடியில் கட்டிய மாளிகையை, 2000-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி பிரதம மந்திரி வாஜ்பாய் திறந்து வைத்தார், மு. கருணாநிதி அப்போது முதலமைச்சர்.

இவ்விடத்திலே வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பாரிமுனை வளர்ந்ததற்குக் கப்பல் காரணம். தரமணி வளர்ந்ததற்கும் கடல்தான் காரணம், ஆனால் கடலின் மேற்பரப்பு அல்ல, அடிப்பரப்பு. 1871-லேயே சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டுவிட்டது. அதற்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2002-ல், அதே சிங்கப்பூரிலிருந்து கண்ணாடி இழைக் கம்பியொன்று வந்து சென்னைக் கரையேறியது. அமெரிக்க வங்கியின் கணக்கை இங்கே உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத் துறைமுகமும் வேண்டாம், சுங்கச்சாவடியும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம். தடையில்லாத மின்சாரமும், இந்தக் கம்பியும், இங்கிலீஷ் தெரிந்த என்ஜினீயரும் வேண்டும். ஜார்ஜ் டவுனின் எட்டடிச் சந்துகளில் பல குடும்பங்களுக்குப் பாகமான மனைகளைச் சேர்த்து நூறு ஏக்கர் திரட்ட எந்தக் கம்பெனிக்கும் இயலாது. தெற்கே அது இயன்றது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேகம். சோழிங்கநல்லூரில் இன்போசிஸ், சிறுசேரியில் சிப்காட் ஸ்தாபித்த தொழிற்பூங்கா, அதற்குள்ளே உருகுவே நாட்டுச் சிற்பி கார்லோஸ் ஓட் வரைந்து கொடுத்த வடிவிலே, பட்டாம்பூச்சி இறகு விரித்தாற்போல டாடா கன்சல்டன்ஸியின் வளாகம். மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரையில் சுமார் 20 கிலோமீட்டர் சாலை ஆறு தடங்களாக விரிந்து, 2008-ல் ராஜீவ் காந்தி பெயரைப் பெற்றது. 2011-ல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெருகியபோது, பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் பட்டணத்தின் மண்டலங்களாயின.

சாலை உண்டாயிற்று. தெரு உண்டாகவில்லை. இந்தப் பேதத்தை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தெரு என்பது இரு பக்கத்து வாசல்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் இடம். ஒரு பக்கத்திலிருப்பவன் மறுபக்கத்துக்கு நாலு எட்டில் போகிற இடம். தம்பு செட்டித் தெருவிலே ஒரு வக்கீல் குமாஸ்தா காலையில் காளிகாம்பாளைக் கும்பிட்டு, பக்கத்துக் கடையில் காப்பி குடித்து, முத்திரைத்தாள் வாங்கி, கோர்ட்டுக்குப் போகும் வழியில் பத்துப் பேரோடு சம்பாஷித்து, அந்தப் பத்துப் பேரில் ஒருவரால் ஒரு கட்சிக்காரரை அடைந்தார். ஓ.எம்.ஆரில் கம்பெனியின் வண்டி வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு கம்பெனியின் வாசலுக்குள்ளே இறக்கிவிடுகிறது. வாசலில் காவலாளி, உள்ளே புல்தரை, சாப்பாட்டுக் கூடம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் உண்டு. அடுத்த மதிலுக்கு அப்பால் இருக்கும் கம்பெனியில் வேலை செய்கிறவரை ஆயுள் முழுவதும் சந்திக்காமலே இருக்கலாம். ஆறு தடச் சாலையின் எதிர்ப்புறத்துக்கு நடந்து போவது பிராணாபத்து. அர்பத்நாட் முறிந்த காலத்திலே பட்டணத்தைக் காத்த அந்தப் பரஸ்பரப் பழக்கம் இங்கே உண்டாவதற்கு இடமே வைக்கவில்லை. அது தொழிலின் குற்றமல்ல, ஊரை வகுத்தவர்களின் குற்றம்.

தண்ணீரையும் அப்படித்தான் மறந்தார்கள். உயர்ந்த கட்டடங்கள் எழுந்து, லட்சங்கள் கொடுத்து ஜனங்கள் குடியேறி, வெகுகாலம் வரையில் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. சுற்றுப்புறக் கிராமங்களின் கிணற்று நீரையும் ஆழ்குழாய் நீரையும் ஏற்றிக்கொண்டு டேங்கர் லாரிகள் இரவும் பகலும் ஓடின. 2013-ல் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் வீதம் வேலை செய்யத் தொடங்கியும், 2019-ஆம் வருஷக் கோடையில் ஏரிகள் வறண்டபோது, வீட்டிலிருந்தே வேலை செய்யும்படி கம்பெனிகள் சில தம் ஊழியரைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. நான்கு வருஷங்களுக்கு முன்னால், 2015 டிசம்பரில், அதே சாலை வெள்ளத்தில் நின்றதை நினைத்தால் துக்கம் இரட்டிக்கிறது.

அங்கே குடியேறியவர்கள் எல்லோரும் தம் விருப்பத்தால் குடியேறினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. டைடல் திறந்த அதே 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான், கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் நகரத்தின் நடைபாதைகளிலும் குடிசை போட்டிருந்தவர்களைக் கொண்டுவந்து துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் என்ற பெயரிலே அரசாங்கம் குடிவைக்கத் தொடங்கியது. பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு வீடுகள் நாளடைவில் அங்கே எழுந்தன. 2004-ன் ஆழிப்பேரலைக்குப் பிறகு கடற்கரைக் குப்பத்து மக்களில் பலர் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டார்கள். பட்டணத்திலே மூட்டை தூக்கியும், மீன் விற்றும், வீட்டு வேலை செய்தும் பிழைத்தவர்களுக்குப் பிழைப்பு வடக்கே இருந்தது, படுக்கை தெற்கே இருந்தது. விடியுமுன் பஸ் ஏறிப் பழைய வேலைக்கே போய்வந்த பெண்கள் உண்டு. பஸ் காசு கட்டுப்படியாகாமல் வேலையை விட்டவர்கள் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளில் பலர் இன்று அதே சாலையின் மாளிகைகளிலே தரை துடைக்கிறார்கள், வாசல் காக்கிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள். படித்து மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள். பட்டணத்துக்கும் தெற்குக்கும் நடந்த போட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்தப் போட்டியிலே கேட்கப்படாமலே இடம் மாற்றப்பட்ட இந்த ஜனங்களை எந்தப் பக்கத்துக் கணக்கில் எழுதுவார்கள்?

இரு ஊர்களையும் சேர்க்க ஒரு ரயில் இருக்கிறது. 1995-ல் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997-ல் மயிலாப்பூர் வரையிலும், 2004-ல் திருவான்மியூர் வரையிலும், 2007-ல் வேளச்சேரி வரையிலுமாகத் தவணை தவணையாக நீண்ட பறக்கும் ரயிலைச் சொல்லுகிறேன். மண்ணடியில் குடியிருக்கும் ஒரு பெண் காலை எட்டு மணிக்குக் கடற்கரையில் ஏறினால் திருவான்மியூரில் இறங்கி டைடலுக்கு நடந்தே போய்விடலாம். அப்படிப் போகிறவர்களை நான் அந்த வண்டியில் பார்த்திருக்கிறேன். தகப்பனார் கோடவுன் தெருவில் கணக்கு எழுத, மகள் தரமணியில் கணினியில் கணக்கு எழுதுகிற குடும்பங்கள் இப்பட்டணத்தில் இருக்கின்றன. அவர்களுக்குப் பட்டணமும் தெற்கும் பகையல்ல. ஆனால் இப்போது மாதவரத்திலிருந்து சிறுசேரிக்கு 45 கிலோமீட்டருக்குக் கட்டிவரும் மெட்ரோ பாதை, புரசைவாக்கம், ராயப்பேட்டை, மயிலாப்பூர் வழியாக வந்து, கந்தன்சாவடியிலே ஒரு நிலையமும் வைத்துக்கொண்டு, ஜார்ஜ் டவுனைத் தொடாமலே போகிறது. ஹைகோர்ட்டுக்கும் மண்ணடிக்கும் 2019-ல் வந்த முதற்கட்ட மெட்ரோ இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதில் ஏறி, வழியில் வேறு வண்டி மாறித்தான் தெற்கே போக வேண்டும்.

பறக்கும் ரயிலின் தூண்களை எங்கே நட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தனியார் நிலம் வாங்கும் செலவு மிச்சமென்று சேப்பாக்கத்திலிருந்து திருவான்மியூர் வரையில் பக்கிங்காம் கால்வாயின் உள்ளேயும் கரைமேலும் நட்டார்கள். பஞ்சத்தில் மெலிந்த கைகள் வெட்டிய அகலம் பல இடங்களில் அதனால் குறுகியது. அதே கால்வாயின் தென்பகுதியில்தான், சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழையை வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒக்கியம் மடுவின் வழியாகத் தன் நீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேராக இருந்த அந்தச் சதுப்பு எவ்வாறு சுருங்கியது, அதன்மேல் குப்பைமேடும் கட்டடமும் சாலையும் யாருடைய உத்தரவால் ஏறின, 2022-ல் ராம்சார் பட்டியலில் அது இடம்பெறும் வரையில் அதற்காகப் போராடியவர்கள் பட்ட பாடு என்ன என்பவற்றை, மடுவின் கரையிலிருந்தே தொடங்கி, அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.